துவைக்காமல் அனுப்பவும்

ஜனவரி 9

காய்ச்சல் விட்டு ஒன்பது வாரம் ஆகிறது. மூக்கு இன்னும் வரவில்லை.

இப்படி எழுதினால் சிரிப்பாக இருக்கிறது. மூக்கு இருக்கிறது. அடைப்பு இல்லை, மூச்சும் நன்றாக வருகிறது. வாசனைதான் இல்லை. காலையில் காபியை முகத்தருகே பிடித்துக்கொண்டு அரை நிமிடம் நின்றேன். சூடு தெரிந்தது, அவ்வளவுதான். அத்தை பார்த்துவிட்டு, "என்னம்மா, காபிக்குள்ள ஏதாவது விழுந்துடுச்சா?" என்றார். இல்லை என்றேன்.

என் கணவரிடம் "கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் என்பது பொய். ஆய்வகத்தில் யாருக்கும் தெரியாது. வாசனையை வைத்துப் பூச்சி பிடிக்கிற இடத்தில் வேலை பார்ப்பவளுக்கு வாசனை போய்விட்டது என்று தெரிந்தால், கூண்டு செய்து தருகிற அண்ணனுக்கு ஒரு வருடத்துக்குச் சிரிக்க விஷயம் கிடைத்துவிடும்.

ஜனவரி 12

இருட்டறையில் ஐந்து மணி நேரம். அங்கே எங்களுக்குப் பகல்தான் இரவு. விளக்குகளை மாற்றி வைத்து, காலை பத்து மணிக்குப் பூச்சிகளுக்குப் பொழுது சாயும்படி செய்திருக்கிறோம். சிவப்பு விளக்கு மட்டும் எரியும். அந்துப்பூச்சிகளின் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது, அதனால் நாங்கள் இருப்பதும் தெரியாது.

பதினொன்றரைக்குப் பெண்பூச்சிகள் அழைக்கத் தொடங்கின. "அழைப்பது" என்றுதான் நாங்கள் சொல்வோம். சத்தம் எதுவும் இல்லை. வயிற்றின் நுனியைத் தூக்கி, உள்ளே இருக்கும் சுரப்பியை வெளியே நீட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்த வாசனை காற்றில் போகும். அது பட்ட ஆண் வந்துவிடும். அந்த வாசனையைத்தான் நாங்கள் ரப்பர் மூடிகளில் ஏற்றிப் பழத்தோட்டங்களுக்குக் கொடுக்கிறோம். ஆண்பூச்சி பெண் என்று நம்பி வந்து பொறியில் ஒட்டிக்கொள்ளும்.

"உட்கார்ந்த இடத்துலேர்ந்தே ஆள வரவழைக்குது பாரு," என்றார் கூண்டு அண்ணன். "எங்க வீட்ல நான் தொண்டை கிழியக் கத்தினாத்தான் தட்டே வருது."

வழக்கமாகச் சிரிப்பேன். இன்று சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 15

இவர் லிஃப்ட் மெக்கானிக். எட்டு வருடமாக, மாலை ஆறரைக்குக் கதவு திறந்தால் முதலில் உள்ளே வருவது இவரில்லை, கிரீஸ். அப்புறம் இரும்புத்தூள். அந்த இரண்டுக்கும் அடியில் குளித்தாலும் போகாத இன்னொன்று. காதுக்குப் பின்னால், சட்டைக் காலர் தொடங்குகிற இடத்தில் இருக்கும். பென்சில் சீவினால் வருமே, கிட்டத்தட்ட அது. கொஞ்சம் உப்பு. அதற்கு நான் பெயர் தேடியதில்லை. இருக்கிறபோது யார் தேடுவார்கள்?

இன்று கதவு திறந்தது. தெரிந்த முகம், தெரிந்த குரல். "பூச்சி, தண்ணி கொண்டா" என்றார். கல்யாணமான புதிதில் என் வேலை என்ன என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு அதுதான் பெயர். தண்ணீர் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

இந்த வாரம் மூன்று நாட்களுக்கு, குழந்தைக்காக நாங்கள் பார்க்கிற டாக்டரம்மா காலண்டரில் வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். மூன்று வருடமாக மாதாமாதம் இந்த வட்டங்கள். எனக்கு முப்பத்தாறு. காய்ச்சலுக்கு முன்பு ஒரு வட்டத்தையும் வீணாக்கியதில்லை. டிசம்பரில் முதல் தடவையாக ஏதோ சாக்கு சொன்னேன். இன்று தலைவலி என்றேன். இவர் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துவிட்டார். எனக்குத் தலைவலியே இல்லை.

ஆசை எங்கே போனது? மூக்கோடு சேர்ந்து போய்விட்டதா? இத்தனை வருடமும் என்னை இவரிடம் இழுத்துக்கொண்டு போனது அதுதானா? அப்படியென்றால் மனசு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எது?

ஜனவரி 27

இன்று மாட்டிக்கொண்டேன்.

புழுக்களுக்குக் கொடுக்கும் கூழை ஒவ்வொரு தட்டாக முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். புளித்துப் போயிருந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். நான் இரண்டு மாதமாகக் கண்ணால் மட்டும் பார்த்து வைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை வைத்த தட்டுகள் கெட்டுப்போனவை. இன்று காலை அறுநூறு புழுக்கள் கறுத்துச் சுருண்டு கிடந்தன.

ஆய்வகத்துக்குப் பொறுப்பான மேடம் வாசலிலேயே நின்றுவிட்டார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தட்டுகளுக்கு நடுவில் சாதாரணமாக நின்றுகொண்டிருந்தேன்.

"எத்தனை நாளா?" என்றார். எது என்று நான் கேட்கவில்லை.

"நவம்பர்லேர்ந்து மேடம்."

"அறுநூறு புழுவுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

திட்டவில்லை. கூழ் அறையிலிருந்து என்னை மாற்றிக் காற்றுச்சுரங்கத்துக்குப் போட்டுவிட்டார். அங்கே கண்ணும் கையும் போதும். ஒரு காகிதத்தில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவரின் நம்பரை எழுதிக் கொடுத்தார். கூண்டு அண்ணன் சிரிக்கவில்லை. மத்தியானம் என் டிபன் பாக்ஸைத் திறந்து மோந்து பார்த்து, "நல்லாத்தான் இருக்கு, சாப்பிடு" என்று மூடி வைத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 3

ஆண்பூச்சிகளைப் பனிக்கட்டி மேல் வைத்து மயங்க வைத்து, நுண்ணோக்கியின் கீழ் உணர்கொம்புகளை வெட்டினேன். பூச்சிக்கு மூக்கு அதுதான். இருபதுக்கு ஒரு கொம்பு, இருபதுக்கு இரண்டும். இருபதை அப்படியே விட்டோம்.

காற்றுச்சுரங்கம் என்பது ஆறடி நீளக் கண்ணாடிப் பெட்டி. ஒரு பக்கம் மின்விசிறி, விசிறிப் பக்கம் பெண். மறுகோடியில் ஆணை விட வேண்டும். முழுசாக இருந்த இருபதில் பதினெட்டு போய்ச் சேர்ந்தன. ஒற்றைக் கொம்பில் பதினொன்று. இரண்டும் இல்லாததில் ஒன்றும் போகவில்லை.

ஒன்றுகூட இல்லை. ஒன்றைப் பெண்ணுக்கு இரண்டு அங்குலம் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தும் பார்த்தேன். வலையில் உட்கார்ந்து காலைத் துடைத்துக்கொண்டது. அதற்கு வருத்தம் இருந்ததாகவே தெரியவில்லை. எதையோ இழந்திருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது.

எனக்குத் தெரிகிறதே.

பிப்ரவரி 10

வட்டம் போட்ட நாள். வேலை அதிகம் என்று எட்டரைக்கு வீட்டுக்கு வந்தேன். வேலை ஐந்து மணிக்கே முடிந்துவிட்டது.

பிப்ரவரி 19

எப்படி எழுதுவது?

மூன்று மணிக்குக் கூண்டு அண்ணன் காபியோடு உள்ளே வந்தார். கருகிய பிளாஸ்டிக் வாசனை அடித்தது. எதுவோ எரிகிறது என்று எழுந்துவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது, எனக்கு வாசனை தெரிகிறது. காபி காபியாக இல்லாவிட்டால் என்ன, ஏதோ ஒன்று வந்துவிட்டதே. மேடத்திடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "மெதுவா, மெதுவா" என்றார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எதையாவது மோந்துகொண்டே வந்தேன். பஸ் கம்பி. என் கைப்பை. மழைக்கு நனைந்த சுவர். எதுவும் இல்லை. பரவாயில்லை என்று வந்தேன்.

ஆறரைக்குக் கதவு திறந்தது. செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை. போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதுக்குப் பின்னால் முகத்தை வைத்து இழுத்து மூச்சு வாங்கினேன்.

அழுகின வெங்காயத்தை டயரோடு சேர்த்துக் கொளுத்தினால் எப்படி இருக்கும்? அப்படி. இன்னும் மோசம். அங்கேயே, வாசலிலேயே, இவர் காலிலேயே வாந்தி எடுத்துவிட்டேன்.

இவர் என் தோளைப் பிடிக்க வந்தார். நான் பின்னால் போனேன். அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

அத்தை ஓடிவந்தார். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், எலுமிச்சம்பழம் வெட்டிக் கையில் வைத்தார். மத்தியானம் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் பேசாதே. உட்காரு. இவன் வயித்துல இருந்தப்ப எனக்கும் இப்படித்தான், இவங்கப்பா கிட்ட வந்தாலே குமட்டும்."

கடவுளே.

பிப்ரவரி 20

காலையில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இவர் ஏறி வந்தார். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டார். வேலைக்கு நேரமாகியிருந்தது.

"அம்மா ரொம்ப சந்தோஷமா இருக்காங்க," என்றார்.

நான் கிளிப்பை மாட்டிக்கொண்டே இருந்தேன்.

"நவம்பர்ல உனக்குக் காய்ச்சல் வந்ததுலேர்ந்து நாம தள்ளித்தான் இருக்கோம். எனக்குக் கணக்கு தெரியும்." தொட்டியின் மூடியைச் சரிசெய்தார். "அம்மாகிட்ட நான் என்ன சொல்லணும்னு நீ சொல்லு, பூச்சி. நீ என்ன சொல்றியோ அதையே சொல்லிடறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. குரல்கூட உயரவில்லை. அவர் என்ன நினைத்துக்கொண்டு மாடி ஏறினார், அப்படி நினைத்துக்கொண்டே என்ன சொல்லத் தயாராக வந்து நின்றார் என்பது எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஐயோ, அதில்லைங்க. குழந்தை இல்லைங்க. யாரும் இல்லைங்க. எனக்கு வாசனையே போயிடுச்சு. மூணு மாசமா ஒண்ணும் தெரியல. நேத்துதான் திரும்பி வந்துச்சு. தப்புத்தப்பா வருது. உங்க மேல - உங்க மேல நாத்தம் அடிக்குதுங்க."

தொட்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "இவ்வளவுதானா? அட, இவ்வளவுதானா?" நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

அப்புறம் தன் சட்டைக் கையைத் தூக்கி ஒருமுறை மோந்து பார்த்தார். சிரிப்பு முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

அம்மாவிடம் இவரே சொல்லிவிட்டார். குழந்தை இல்லம்மா, வயிறுதான் சரியில்ல, என்று. அத்தை "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, மிச்சம் இருந்த எலுமிச்சம்பழங்களை ஃபிரிட்ஜுக்குள் வைத்தார்.

பிப்ரவரி 28

ஒரு நாளைக்கு மூன்று குளியல். புது சோப்பு. அப்புறம் வேறு சோப்பு. ஒவ்வொரு தடவையும் ஈரத்தலையோடு அறை வாசலில் நின்று, "இப்ப?" என்பார். நான் மூச்சு இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவேன். இல்லை. சோப்பு வேறு இப்போது மண்ணெண்ணெய் மாதிரி அடிக்கிறது, அதை எப்படிச் சொல்ல?

இந்த "இப்ப?" என்கிற ஒரு சொல் போதும் என்னைக் கொல்ல.

டாக்டர் சொன்னது: மூக்கின் நரம்பு திரும்ப முளைக்கிறது, முளைக்கும்போது இடம் மாறிப் போய் ஒட்டிக்கொள்கிறது, அதனால்தான் மூளைக்கு எல்லாமே தப்பாகப் போகிறது. சரியாகுமா? ஆகலாம். எத்தனை நாளில்? ஆறு மாதம், ஒரு வருடம். ஆகாமலும் போகலாம். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு சின்ன பாட்டில்கள். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் இருபது நொடி, அது என்ன என்று நினைத்துக்கொண்டே மோக்க வேண்டும்.

இவர் மூன்று நாளாக ஹாலில் படுக்கிறார். அத்தையிடம், உள்ளே காற்று போதவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

மார்ச் 6

மத்தியானம் மேடத்தோடு தனியாக இருந்தேன். தெரிந்த பெண் ஒருத்திக்கு, என்று தொடங்கி, வாசனை போனால் ஆசையும் போய்விடுமா என்று கேட்டேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தத் தெரிந்த பெண் யார் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

"யானை இருக்கே," என்றார். "பெண் யானை தயாரானதும் அதோட சிறுநீர்ல ஒரு பொருள் வரும். அந்துப்பூச்சிகள்ல நூத்துக்கும் மேல இனங்கள் அதே பொருளைத்தான் வெச்சிருக்கு. அத்தனை பெரிய மிருகத்துக்கும் இத்தனூண்டு பூச்சிக்கும் ஒரே அழைப்பு."

"அப்ப பூச்சியெல்லாம் யானை பின்னாடி போகாதா மேடம்?"

"போகாது. அளவு வேற, கூடச் சேர்ற மத்த பொருளும் வேற. பன்னிப் பண்ணையில ஆண் பன்னியோட எச்சில் வாசனையை டப்பாவுல அடைச்சு விக்கறாங்க. அடிச்ச உடனே பெண் பன்னி ஆடாம நிக்கும். ஆனா மனுஷங்களுக்கு அப்படி ஒரு பொருள் இருக்குன்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கல. கடையில எழுதி விக்கறதெல்லாம் சும்மா. சட்டையை மோக்கச் சொல்லி ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. தன் உடம்பு மாதிரி இல்லாத உடம்போட வாசனைதான் பெண்களுக்குப் பிடிக்குதுன்னு சிலர் சொல்றாங்க. திரும்பச் செஞ்சு பார்த்தவங்க இல்லைங்கறாங்க."

"அப்ப மனுஷங்களுக்கு வாசனை முக்கியமில்லையா?"

"அப்படி நான் சொல்லலையே. பூச்சிக்கு அது கட்டளை. நமக்கு ஞாபகம். உன் சிநேகிதிகிட்ட சொல்லு."

மார்ச் 14

இவர் கிளம்பிவிட்டார். வேறு ஊரில் புதிதாகக் கட்டுகிற ஆஸ்பத்திரியில் நான்கு லிஃப்ட் பொருத்துகிற வேலை. நான்கு மாதம். ரயிலில் ஆறு மணி நேரம். கம்பெனியில் இவரைப் போகச் சொல்லவில்லை, இவர்தான் கேட்டு வாங்கியிருக்கிறார். அதை இன்றுதான் சொன்னார்.

"நீ கொஞ்ச நாள் நிம்மதியா மூச்சு விடணும்ல," என்றார்.

பெட்டியோடு வாசலில் நின்றபோது பக்கத்தில் போக நினைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு போனால் போதுமே, ஒரு நிமிடம் மூச்சை அடக்க முடியாதா எனக்கு? ஆனால் இவரே இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார். அங்கிருந்தே கையசைத்தார்.

மார்ச் 22

நிம்மதியாக மூச்சு விடுகிறேன்.

ஆறரை மணி ஆனால் கை தானாகத் தண்ணீர் எடுக்கப் போகிறது.

ஏப்ரல் 2

இன்று சுரங்கத்தில் ஒரு ஆண்பூச்சி நேராகப் பறந்து வந்துகொண்டிருந்தது. பாதி வழியில் மேடம் பெண்ணை வெளியே எடுத்துவிட்டார். காற்றில் வாசனை அறுந்துவிட்டது. அதற்கப்புறம் அது முன்னே போகவில்லை, திரும்பியும் போகவில்லை. அதே இடத்தில் இடமும் வலமும் அகலமாக வீசி வீசிப் பறந்தது. விட்ட இழையைத் தேடுகிறது, என்றார் மேடம். எவ்வளவு நேரம் தேடும் என்று கேட்டேன். சக்தி இருக்கிற வரைக்கும், என்றார்.

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து இவருக்கு ஃபோன் செய்தேன்.

"ஒரு சட்டை அனுப்புங்க."

"எதுக்கு?"

"நாலு பாட்டிலோட அஞ்சாவதா வெச்சுக்கறேன். தினம் இருபது நொடி. பழகிப் பார்க்கறேன்."

அந்தப் பக்கம் டிரில் மெஷின் சத்தம். யாரையோ நிறுத்தச் சொன்னார்.

"துவைச்சா?"

"துவைக்காம."

"பூச்சி, உனக்குத்தான் ஆகாதே."

"ஆகாதுதான். அனுப்புங்க."

ஏப்ரல் 9

கூரியரில் வந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் இன்னொரு உறை, அதன் வாயை டேப் போட்டு மூன்று சுற்று. வெடிகுண்டு அனுப்புகிறவர்கூட இவ்வளவு சுற்ற மாட்டார்.

நீலச் சட்டை. நான்கு நொடி தாங்கினேன். ஓடிப்போய் வாந்தி. திரும்பி வந்து ஆறு நொடி.

பையில் ஒரு துண்டுக் காகிதம்: "பதினாலாவது மாடி வரைக்கும் வந்தாச்சு. மேலே காத்து நல்லா இருக்கு. சாப்பிட்டியா?"

காகிதத்தில் எந்த வாசனையும் இல்லை. அதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் முகத்தில் வைத்துக்கொள்ள முடிந்தது.

ஏப்ரல் 24

மூன்றாவது சட்டை. வாரத்துக்கு ஒன்று. பழசாகிவிட்டால் வாசனை வடிந்துவிடுகிறது. பதினோரு நொடி. நாற்றம் குறையவில்லை, நான்தான் கொஞ்சம் கல்லாகிவிட்டேன்.

பையில்: "இந்த வாரம் வெயில் ஜாஸ்தி. மன்னிச்சுக்கோ."

சிரித்துக்கொண்டே அழுதேன். யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்று முடிவு கட்டியிருப்பார்கள். நாறுகிற சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தச் சட்டைக்குள் இருக்கிற ஆள் வேண்டும், வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நாற்றம் அடித்தாலும் வேண்டும். அப்படியென்றால் ஆசை மூக்கோடு போகவில்லை. அது எங்கேயோ வழி தெரியாமல் இங்கேதான் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

வாங்க என்று ஃபோனில் சொன்னேன். வேலை முடியட்டும் என்றார். விடுமுறை இருக்கிறது, ரயில் இருக்கிறது. வந்து வாசலில் நின்று "இப்ப?" என்று கேட்கப் பயம். எனக்குத் தெரியாதா?

மே 8

வீட்டுக்கு வந்தேன். கட்டில் மேல் இந்த வாரச் சட்டை. துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்து வைத்திருந்தது.

"ஏம்மா, அந்த ஊர்ல துவைக்கறதுக்கு ஆளே இல்லையா?" என்றார் அத்தை. "வாராவாரம் உனக்கு அழுக்குச் சட்டையை அனுப்பறான். நீயும் துவைக்காம பீரோவுல ஒளிச்சு வெக்கறே. எல்லாத்தையும் எடுத்து இன்னிக்குத் துவைச்சுட்டேன்."

எல்லாத்தையும்.

தரையில் உட்கார்ந்து அழுதேன். ஐந்து சட்டைக்காக. அத்தை பயந்துவிட்டார். "என்னம்மா, சாயம் போயிடுச்சா?" என்று ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். அப்புறம் சொன்னேன். காய்ச்சலிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு வாசலில் வாந்தி எடுத்தது ஏன் என்பதையும். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அத்தை முப்பது வருடம் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்தவர், எதற்கும் சட்டென்று பதில் வைத்திருப்பார். இன்று இஸ்திரி போட்ட சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"அதான் அவன் ஹால்ல படுத்தானா?" என்றார். "நான் உன்னைத் தப்பா நினைச்சுட்டேம்மா. என் பையனைப் பிடிக்காமப் போயிடுச்சுன்னு நினைச்சேன். ரெண்டரை மாசமா மனசுக்குள்ள உன்னைத் திட்டிக்கிட்டே சோறு போட்டிருக்கேன்."

"திட்டினது தெரியலையே அத்தை."

"வெளியே திட்டலையே."

அப்புறம் ஃபோனை எடுத்தார். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு மகனுக்குப் போட்டார். "டேய். ரெண்டு நாள் குளிக்காதே. குளிக்காம ஒரு சட்டை போட்டு அனுப்பு. என்ன ஏன்? உன் பொண்டாட்டிக்குத்தான். ஆமா, எனக்கு எல்லாம் தெரியும். மூட்டை கட்டும்போது மேலே துவைக்காதேன்னு எழுதி அனுப்பு, நான் தொட மாட்டேன்."

மே 14

வந்துவிட்டது. உறை மேல் பெரிய எழுத்தில்: அம்மா, தொடாதீங்க.

அத்தை இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஜூன் 4

இருபது நொடி முடிந்துவிட்டது. நான் எண்ணிக்கொண்டே போய் முப்பதைத் தாண்டியபோதுதான் கவனித்தேன். நாற்றம் இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு இடைவெளி, கதவு லேசாகத் திறந்து மூடினது மாதிரி. அதற்குள்ளே ஏதோ இருந்தது. என்ன அது? பிடிபடுவதற்குள் போய்விட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஓடிவிடுமோ என்று இருக்கிறது.

ஜூன் 11

மறுபடி. நேற்றும்.

ஜூன் 23

காபி காபி மாதிரி ஆகிவிட்டது, முக்கால்வாசி. சோப்பு சோப்பாகிவிட்டது. சட்டையில் நாற்றம் போய்விட்டது. ஆனால் அதற்குப் பதிலாக வந்திருப்பது நான் எட்டு வருடமாகத் தெரிந்து வைத்திருந்த வாசனை இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்தேன். இது யாரோ.

மேடத்திடம் இந்தத் தடவை சிநேகிதி என்று சொல்லாமல் கேட்டேன்.

"நரம்பு புதுசு. பழைய வாசனை அப்படியே வரணும்னு இல்லை," என்றார். "வரலாம். வராமலும் போகலாம்."

"வரலைன்னா?"

"சட்டையை வெச்சுக்கிட்டு எத்தனை நாள் கேட்டுக்கிட்டிருப்பே? ஆள் ஆறு மணி நேரத்துல இருக்காரு. ரெண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துட்டுப் போ."

பயமாக இருக்கிறது. நாறும்போது என்னமோ, இது நாற்றம், இது நோய், இது அவரில்லை என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. இப்போது போய்ப் பக்கத்தில் நின்று, யாரோ ஒருவர் மாதிரி இருந்துவிட்டால்? அதற்கு என்ன மருந்து?

ஜூலை 3

சொல்லாமல் வந்தேன். அத்தைக்கு மட்டும் தெரியும். பை நிறைய அவருக்குத் துணி வைத்துக் கொடுத்தார், நான் இரண்டு நாளில் திரும்புகிறேன் என்று சொல்லியும்.

ஆஸ்பத்திரி இன்னும் சிமென்டும் சாரமுமாக இருக்கிறது. வாசலில் இருந்த காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். லிஃப்ட் வேலை செய்கிறவர் வீட்டு ஆள் என்றதும், "சட்டை அனுப்பறாரே, அந்த வீடா?" என்றார். ஊருக்கே தெரிந்திருக்கிறது. ஒரு தலைக்கவசத்தை என் தலையில் வைத்து, மேலே ஆள் அனுப்பினார்.

கீழே ஒரே ஒரு லிஃப்ட் ஓடுகிறது. மேலே எண் மாறிக்கொண்டே வந்தது. பதினேழு, பதினாறு. நெஞ்சு அடித்துக்கொண்டது. எட்டு வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு.

கதவு திறந்தது. கையில் ஸ்பேனரோடு இவர். கூட வேலை பார்க்கிறவர்கள் இரண்டு பேர் பின்னால். மெலிந்திருக்கிறார். தாடி. என்னைப் பார்த்ததும் முகம் எங்கெங்கோ போய் வந்தது. ஒரு அடி முன்னே வைத்தவர், ஞாபகம் வந்து நின்றுவிட்டார். லிஃப்டுக்குள்ளேயே பின்னால் தள்ளிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"காலையிலேர்ந்து மூணு தடவை ஷாஃப்டுக்குள்ள இறங்கியிருக்கேன். வேர்த்துப் போயிருக்கு. கிட்ட வராதே. ரூமுக்குப் போய்க் குளிச்சுட்டு வரேன்."

நான் உள்ளே போனேன். அந்த இருவரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வெளியே இறங்கிக்கொண்டார்கள். இவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார், போலீஸைப் பார்த்த திருடன் மாதிரி. தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, காலர் ஓரத்தில் முகத்தை வைத்தேன். மூச்சை அடக்கவில்லை. முழுசாக இழுத்தேன்.

கிரீஸ். இரும்பு. வியர்வை. அடியில் அந்தப் புது ஆள்.

சட்டையில் இருந்தபோது அது வெறும் வாசனை. இங்கே அது சூடாக இருந்தது. அது மூச்சு விட்டது, அதன் நெஞ்சு என் நெற்றிக்குக் கீழே தடதடவென்று அடித்தது. யாரோ என்று பயந்தேனே. யாரோதான். ஆனால் அந்த யாரோவிடமிருந்து முகத்தை எடுக்க எனக்கு மனசில்லை.

"வாந்தி வருதா?" என்றார், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"இல்ல."

"பழைய மாதிரி இருக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லைங்க. புதுசா இருக்கு."

"நல்லாயிருக்கா?"

"ஒரு தடவையில எப்படிச் சொல்றது?"

இவர் கை மெதுவாகக் கீழே இறங்கி என் முதுகில் பட்டது. மேலே யாரோ பட்டனை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் பாட்டுக்கு ஏறியது.

ஜூலை 5

இன்று மாலை ரயிலுக்கு டிக்கெட். காலையில் மேடத்துக்கு ஃபோன் செய்தேன். இன்னும் ஒரு வாரம் லீவு வேண்டும் என்றேன்.

"ஏன், உடம்பு சரியில்லையா?" என்றார்.

"உடம்பு நல்லா இருக்கு மேடம். அதனாலதான்."

அந்தப் பக்கம் கூண்டு அண்ணன் ஏதோ ஆணி அடிப்பது கேட்டது.

"பத்து நாளா எழுதிக்கறேன்," என்றார் மேடம்.